நோன்பின் மறைவில்

ஐப்பசி பிறந்துவிட்டது. பொதிகை முகில் போர்த்து முகம் மறைத்துப் பல நாளாயிற்று. மலையிலே பெய்ததைச் செந்நீராய்ச் சுமந்துவந்த தாமிரபரணி, கருப்பந்துறையின் கீழ்ப்படிகளை மூழ்கடித்து, மேற்படிகளை நனைத்து, உரத்துப் பேசாமல் உள்ளுக்குள் முனகிக்கொண்டு கிழக்கே போயிற்று. வயல்களில் நாற்றுத் தலை மட்டும் தெரிந்தது. காலைக்கும் மாலைக்கும் ஒரே சாம்பல் நிறம். பகலவன் எழுந்ததையும் அடைந்ததையும் பள்ளிவாசல் பாங்கொலி சொல்லித்தான் ஊர் அறிந்தது. மேலப்பாளையத்து நெசவுத் தெருக்களில் நூற்பாவு விரித்துக் கஞ்சி பூச வெயில் இல்லை. தறிக்குழிகளில் ஈரம் ஊறி மிதிகட்டைகள் ஓய்ந்திருந்தன. ஓயாத தறியொலிக்குப் பழகிய காதுகளுக்கு அந்த அமைதி, பேசிக்கொண்டிருந்த ஒருவர் ஏதோ நினைவு வந்து தலைகுனிந்ததைப் போலிருந்தது. கூரை விளிம்பில் நீர், வாசலில் நீர், சுவரின் உள்ளும் நீர். எங்கும் நீரேயான அந்நாளில், அகமது மீரானின் வீட்டு உள்ளறையில் அவன் மனைவி மஹ்மூதா பீவி உலர்ந்த நாவோடு அமர்ந்திருந்தாள்.

அவளுக்கு நோன்பு. அன்றைக்கு மட்டுமன்று, பெருநாள்களும் நோன்பு விலக்கப்பட்ட மற்ற நாள்களும் நீங்கலாக ஆண்டு முழுதும் நோன்பு. மூன்றாண்டாய் அப்படி. ரமலான் மாதம் ஒன்றை நோற்று முடிப்பதற்குள்ளேயே உடம்பு உருகிப்போகிற ஊரில், ஒரு நெசவாளி வீட்டுப் பெண் கோடையிலும் மாரியிலும் பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பதைக் கண்ட தெரு முதலில் வியந்தது, பிறகு பணிந்தது. அவள் பெயரே மறந்து 'நோன்பும்மா' ஆயிற்று. காய்ச்சல் கண்ட குழந்தைகளைத் தூக்கிவந்து ஓதி ஊதச் சொன்னார்கள். பேறுகாலம் நெருங்கிய பெண்கள் செம்பில் நீரேந்தி வந்து அவள் மூச்சை வாங்கிப் போனார்கள். அவளிருக்கும் அறையிலிருந்து எப்போதும் வீசிய அத்தர் மணத்தைக் குறித்து, "மலக்குமாரு வந்துபோற எடம்லா? வாசம் இல்லாமயா இருக்கும்?" என்று வானவர்களின் வருகையாகவே பேசிக்கொண்டார்கள்.

அவ்வளவு மதிப்புக்கும் அடியில் கிடந்தது ஓர் ஈரத் துணி.

மூன்றாண்டுக்கு முன் நேர்ந்த கடைசிப் பேறு அது. பிள்ளை இறங்காமல் நின்று, மருத்துவச்சி கைசோர்ந்து, சாவுப்படுக்கையில் ஓதும் யாசீனை வீடே ஓதத் தொடங்கிய பிறகு வெளிவந்த உயிர் தங்கவில்லை. தாய் பிழைத்தாள். எழுந்து நடமாடத் தொடங்கிய பின்னரே, தன் உடம்பில் ஒரு கதவின் தாழ் நழுவிப்போனதை அவள் அறிந்தாள். சும்மா இருக்கையில் ஒன்றுமில்லை. இருமினால், தும்மினால், குடத்தை இடுப்பில் ஏற்றினால், வாய்விட்டுச் சிரித்தால், அவளைக் கேளாமலே சிறுநீர் துளிர்த்தது. தொழுகையில் குனிகையில் கசிந்தது; நெற்றியை நிலத்தில் வைக்கையில் வழிந்தது. வழிந்ததும் ஒளு முறிந்தது. மீண்டும் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்து நின்றாள், மீண்டும் குனிந்தாள், மீண்டும் முறிந்தது. நண்பகல் தொழுகைக்கு எழுந்த ஒருநாள், மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரையில் கழுவியும் குனிந்தும் அழுதும் ஓய்ந்தாள். அன்றோடு தொழுவதை விட்டாள். தூய்மையற்றுப் படைத்த ரப்பின் முன்னே நிற்பதினும் நில்லாதிருப்பதே மரியாதை என்று தானே தீர்ப்பெழுதிக்கொண்டாள். யாரிடம் கேட்பது? எந்த வாயால் கேட்பது?

அவ்வாண்டு ரமலானில் அவள் ஒன்று கண்டாள். நீர் பருகாத பகலில் ஒழுக்கும் குறைந்தது. ரமலான் போயிற்று, அவளுடைய நோன்பு போகவில்லை. விடியுமுன் உண்ணும் சஹர் வேளையிலும், நோன்பு திறக்கும் அந்தியிலும், நாவை நனைக்க ஒரு மிடறு, அதற்குமேல் இல்லை. நீர் குறையக் குறையச் சிறுநீர் கடுத்து நாறியது. நாற்றத்தை மறைக்க அத்தர் வந்தது. வேளைதோறும் கதவைச் சாத்தித் தொழுகைப் பாயை விரித்து, அதன்மேல் தொழாமல் அமர்ந்து, அழுதுவிட்டு எழுவாள். வெளியே பெண்கள், "எம்புட்டு நேரம் தொழுவுதா பாரு!" என்று மெய்சிலிர்ப்பார்கள். அந்தச் சொல் கதவிடுக்கு வழியே வந்து அவளைச் சுடும்.

எல்லாவற்றினும் கொடியது கணவன் காட்டிய மரியாதை. அகமது மீரான் முன்பெல்லாம், "ஏளா, எங்க கெடக்க? சோத்தப் போடுளா" என்று வாசலிலிருந்தே கூவுகிறவன். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல வந்து, "சாப்பாடு ஆயிட்டுதா? ஆகலன்னாலும் பரவால்ல, நீங்க ஓதி முடிச்சிட்டு வாங்க" என்றான். பெண்டாட்டியை 'நீங்க' என்றான். இராப்பொழுதில் தனியறையில் வணங்க வேண்டும் என்று அவள் சொன்னதை நம்பி, பாயைச் சுருட்டிக்கொண்டு முன்கூடமான பட்டாலைக்குப் போய்விட்டான். அவன் பாயைச் சுருட்டிய ஒலியை நினைக்கும்போதெல்லாம் அவள் உடம்பு கூசியது.

ரமலானுக்கு இரண்டு வாரம் இருக்கையில், எதிர்வீட்டு ஹமீது பீவி தெருப்பெண்கள் சிலரோடு வந்தாள். ஹமீது பீவி அவளினும் மூத்தவள். வாய்த்துடுக்கும் மனத்துணிவும் சம அளவில் வாய்த்தவள். ரமலான் இரவுகளில் தெருப்பெண்கள் சேர்ந்து தராவீஹ் தொழுவது அவள் வீட்டுப் பட்டாலையில்தான். வரிசையின் நடுவில் நின்று தொழவைத்துவந்த பெண், மகள் வீட்டோடு காயல்பட்டினத்துக்குப் போய்விட்டாள்.

"நோன்பும்மா, ஒரு காரியமா வந்திருக்கோம். மாட்டேன்னு சொல்லப்படாது."

"சொல்லுங்க மைனி."

"இந்த வருசம் தராவீஹுக்கு நீங்கதான் நடுவுல நின்னு தொழவைக்கணும். ஒங்க வாப்பா ஓதிக்குடுக்குத லெப்பையா இருந்தவுக. எங்களுக்கெல்லாம் ஓதத் தடுமாறும். ஒங்களுக்கு அப்படியா?"

மஹ்மூதாவின் விரல்கள் சேலை முந்தானையை முறுக்கின. "எனக்குத் தொண்டை சரியில்ல மைனி. இருமல்."

"இருமிக்கிட்டே ஓதுங்க. நாங்க என்ன கச்சேரி கேக்கவா வாரோம்?"

பெண்கள் சிரித்தார்கள். மஹ்மூதாவுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரிக்கலாகாது, சிரித்தால் துணி நனையும். உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அதை அடக்கம் என்று எண்ணிய ஒருத்தி முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஹமீது பீவி விடவில்லை. "ஒசந்த எடத்துக்குப் போனவுக, எங்கள மாதிரிப் பாவிகளோட வரிசையில நிக்க மாட்டாவளோ?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதிய மைனி!"

"அப்ப சரின்னு சொல்லுங்க."

மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்வதற்கு வாய் இல்லை. "சரி" என்றாள்.

அவர்கள் போனபின் அவளுக்குக் குளிர் எடுத்தது. இதுவரை அவள் பாழாக்கியது தன் தொழுகையை மட்டும். இனிமேல் தெருப்பெண்கள் அத்தனை பேரும் தோளோடு தோள் நின்று, அவள் குனிய அவர்கள் குனிந்து, தூய்மை முறிந்த ஒருத்தியின் சொல்லுக்குப் பின்னால் ஆமீன் சொல்லப்போகிறார்கள். அவர்கள் நிற்பதும் குனிவதும் கண்ணீர் விடுவதும் எல்லாம் அவளால் வீணாகும். மறுமையில் ஒவ்வொருத்தியும் வந்து அவள் முந்தானையைப் பற்றிக் கேட்பாள். அதற்குள் உடம்பை முழுதும் உலர்த்திவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நாவை நனைத்த அந்த ஒரு மிடற்றையும் விட்டாள்.

ஒழுக்கு நிற்கவில்லை. அடிவயிற்றில் எரிச்சல் மூண்டது, துளித்துளியாய்க் கடுத்தது, நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன. மூன்றாம் நாள் கிணற்றடியில் அவள் விழுந்து கிடந்ததை அகமது மீரான் பார்த்தான். நாட்டு வைத்தியரிடம் ஆள் அனுப்ப நின்றவனின் கையை, அரை நினைவில் இருந்தவள் பிடித்துக்கொண்டு, "ஆம்பள வைத்தியர் வேண்டாம்" என்றாள். வில்வண்டிக்குத் திரை கட்டி, மழையில் பாளையங்கோட்டைக்கு ஓட்டினான். அங்கே பெண்களுக்கென்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது.

டாக்டர் ஜெபராணி சென்னையில் படித்துவந்தவள். நரை ஓடிய தலையும் வட்டக் கண்ணாடியும், எதையும் ஒருமுறை கேட்டு ஒருமுறை பார்த்து முடிவு செய்கிற கண்களுமாய் இருந்தாள். மஹ்மூதாவின் நாக்கைப் பார்த்தாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். ஒரு குவளை நீரை நீட்டினாள்.

"நோன்பு" என்றாள் மஹ்மூதா.

"இன்னும் ரமலான் பொறக்கலயே பீவி. பொறந்தாலும் காய்ச்சக்காரிக்குக் கடமையில்லன்னு ஒங்க சனங்களே எனக்குச் சொல்லித் தந்திருக்காவ."

மஹ்மூதா குவளையை வாங்கவில்லை. டாக்டர் அவள் பக்கம் குனிந்து மூச்சை இழுத்தாள். குரலைத் தாழ்த்தி, "இம்புட்டு அத்தர் எதுக்கு?" என்றாள்.

மூன்றாண்டாய் யாரும் கேளாத கேள்வி. எல்லாரும் வணங்கிய மணத்தை ஒருத்தி மட்டும் ஏன் என்று கேட்டாள். மஹ்மூதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு விசும்பினாள். விசும்பலோடு இருமலும் வந்தது. இருமலோடு அதுவும் வந்தது. படுக்கை நனைந்ததை டாக்டர் கண்டாள். கண்டதைக் காணாதவள் போல் நடிக்கவில்லை, திகைக்கவும் இல்லை. தாதியைக் கூப்பிடாமல் தானே துணியை மாற்றினாள்.

"எத்தன நாளா?"

"மூணு வருசம்."

"சும்மா படுத்திருக்கும்போதும் ஒழுவுதா? இல்ல, இருமினா, தும்மினா, பாரம் தூக்கினா மட்டுமா?"

"இருமினா. குனிஞ்சா."

"ராத்திரி தூங்கி எந்திரிச்சா பாய் காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

"அது நல்ல சேதி. மொதல்ல காய்ச்சலையும் கடுப்பையும் பாப்போம். அதுக்கு நீங்க தண்ணி குடிக்கணும். குடம் குடமா குடிக்கணும்."

"குடிச்சா ஒழுகும்."

"குடிக்காததாலதான் இவ்வளவும். மூத்திரம் கடுத்துப் பைக்குள்ள புண்ணாக்கிருச்சு. புண்ணான பை ஒரு துளியைக் கூடப் பொறுக்காது."

அவள் குடித்தாள். முதற் குவளை நீர் தொண்டையில் இறங்கியபோது பாவம் செய்வது போலவும் பாலை நிலத்தில் மழை விழுவது போலவும் இரண்டும் ஒருங்கே இருந்தது. பார்லிக் கஞ்சியும் கசந்த வில்லைகளும் கொடுத்தார்கள். அகமது மீரான் காலையும் மாலையும் வெளிவாசலில் வந்து நின்றான். "நோன்பு முறிஞ்சதுக்கு அவுக வருத்தப்படுதாவளா?" என்று தாதியிடம் கேட்டனுப்பினான். அந்தக் கேள்வியைத் தாதி வந்து சொன்னபோது மஹ்மூதா போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

காய்ச்சல் விட்டபின் ஒருநாள் டாக்டர் கதவைத் தாழிட்டாள். "இன்னைக்குப் பரிசோதிப்போம். தண்ணி நெறைய குடிச்சிருக்கியளா? மூத்திரம் போகாம இருக்கியளா? சரி. கால அகட்டி நில்லுங்க. இருமுங்க."

மஹ்மூதா பூனை போல் இருமினாள்.

"இது இருமலா? வீட்டுக்காரரோட சண்டை போடுத மாதிரி உள்ளேயிருந்து வரணும்."

மஹ்மூதா இருமினாள். கால் வழியே ஓடி விரிப்பில் சொட்டியது. ஒருத்தி எதிரே நின்று அதற்காகவே பார்த்துக்கொண்டிருக்கத் தன் மானம் ஒழுகும் நாளும் வரும் என்று அவள் எண்ணியதில்லை. நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். டாக்டரோ, இருமலை நிறுத்திய கணத்தில் நீரும் நின்றதைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"இன்னொண்ணு பாக்கணும். கஷ்டப் பிரசவத்துல சில பேருக்குப் பைக்கும் பிள்ளை வார வழிக்கும் நடுவுல ஓட்டை விழுந்துரும். அவுகளுக்கு ராப்பகலா ஒழுகும். ஒங்களுக்கு அது இல்லன்னுதான் நெனைக்கேன். ஆனாலும் நிச்சயப்படுத்தணும்."

நீலச் சாயம் கலந்து கொதித்தாறிய நீரை மெல்லிய ரப்பர்க் குழாய் வழியே பையில் ஏற்றி, பிள்ளை வரும் வழியில் வெள்ளைப் பஞ்சை வைத்து, அறைக்குள் நடக்கச் சொன்னாள். மஹ்மூதா நடந்தாள். இப்படியொரு நடை உலகில் எவள் நடந்திருப்பாள் என்று எண்ணி எண்ணி நடந்தாள். பிறகு டாக்டர் பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள்.

சாயத்தொட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "சாயம் பிடிக்கலையே" என்றாள்.

"பிடிக்கல. கிழிசல் இல்ல பீவி. தொய்வுதான். பிள்ளை முட்டி முட்டிக் கீழே தாங்குத சதை தளந்துபோச்சு. பை எறங்கியிருக்கு."

கிழிந்த சேலை, தொய்ந்த பாவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மேலப்பாளையத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். தொய்ந்ததை இழுத்துக் கட்டலாம். மஹ்மூதா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். தன்னைப் பிடித்தது சாபமும் அன்று, தண்டனையும் அன்று, வெறும் தொய்வு என்பதை நம்ப அவளுக்கு நேரம் வேண்டியிருந்தது.

கருத்த கெட்டி ரப்பர் வளையம் ஒன்றை டாக்டர் அளவு பார்த்து உள்ளே பொருத்தினாள். அது இறங்கிய பையைத் தாங்கும் என்றாள். மாதம் ஒருமுறை வந்து கழற்றிக் கழுவிப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்றாள். மூத்திரத்தை அடக்குவது போல் சதையை மேலே இழுத்துப் பிடித்துப் பிடித்து விடுகிற பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள். "சோறு பொங்கும்போது செய்யுங்க, நூல் சுத்தும்போது செய்யுங்க. யாருக்கும் தெரியாது. குடம் தூக்காதிய. இதுல நிக்கலன்னா தையல் போட்டு இறுக்கலாம். இப்ப அது வேண்டாம்."

"முழுக்க நின்னுருமா டாக்டரம்மா?"

"முழுக்க நிக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பாதிக்கு மேல நிக்கும். ஆழக் குனிஞ்சா ஒரு துளி ரெண்டு துளி வரலாம்."

மஹ்மூதா அவள் கையைப் பற்றிக்கொண்டாள். "அந்த ஒரு துளியோட நான் தொழலாமா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் ஞாயித்துக்கெழம வேதக்கோயிலுக்குப் போறவ பீவி. அதை எங்கிட்டக் கேட்டா எப்படி? ஒங்க ஆலிம்கிட்டக் கேளுங்க." சற்று நின்று, "கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லுங்க. இனிமே இப்படி வாரவளுக்கு நான் சொல்லணும்லா?" என்றாள்.

வீடு திரும்பும் வழியில் மழை விட்டிருந்தது. வண்டிக்காரன் முன்னே மாட்டோடு நடந்தான். திரைக்குள் கணவனும் மனைவியும் எதிரெதிரே. "அலுப்பா இருக்கா? தலகாணி வைக்கட்டுமாங்க?" என்றான் அகமது மீரான்.

ஆலிமிடம் கேட்க வேண்டுமானால் கணவன் வாயிலாகவே கேட்க வேண்டும். இவனிடம் சொல்லாமல் ரப்பிடம் போகும் வழி இல்லை. அவள் வண்டியின் தாழ்வான கூரையைப் பார்த்தபடி சொன்னாள். பிள்ளைப்பேற்றிலிருந்து தொடங்கினாள், துணியைச் சொன்னாள், அத்தரைச் சொன்னாள், நோன்பைச் சொன்னாள். தொழாத மூன்றாண்டைச் சொல்லும்போது குரல் இல்லாமல் உதடு மட்டும் அசைந்தது. அவனுக்கு விளங்கியது.

அவன் தன் கால்விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தன்னைச் சுருக்கிக்கொண்டு திரையோடு ஒட்டினாள்.

கடைசியில் அவன் கரகரத்த குரலில், "ஏளா" என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஒன் காலுல விழாத கொறையா நடந்திருக்கேன்டி மூணு வருசமா! சத்தமாத் தும்மக்கூடப் பயந்துக்கிட்டு!" பிறகு அவன் முகம் கோணியது. "எங்கிட்டச் சொல்லப்படாதா? நான் என்ன, வேத்து ஆளா?"

"வெக்கமா இருந்துச்சு."

"எனக்கும்தான் இப்ப வெக்கமா இருக்கு. பெண்டாட்டி ஒடம்பு தெரியாம, அவுலியாவக் கட்டியிருக்கேன்னு நாலு பேருகிட்டப் பெருமை பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்." சொல்லிவிட்டு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

அன்று மாலையே காஜா முகைதீன் ஆலிமை வீட்டுக்கு அழைத்துவந்தான். ஆலிம் பட்டாலையில் அமர, மஹ்மூதா திரைக்குப் பின்னால் நின்றாள். "ஒரு பொம்பளைக்கு" என்று தொடங்கி அகமது மீரான் மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவது போலவே எல்லாம் கேட்டான். ஆலிம் தாடியைத் தடவியபடி கேட்டார்.

"அந்தப் பொம்பள தொழுகைய விட்டுட்டாளா?"

"விட்டுட்டா ஆலிம்சா. மூணு வருசமா."

ஆலிம் தாடியைத் தடவிய கையை மடியில் வைத்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேரம் வந்ததும் சுத்தம் பண்ணி, துணி கட்டி, ஒளுச் செய்யட்டும். குனிஞ்சா ஒழுகுதுன்னா, குனிய வேண்டாம். உட்கார்ந்து, தலையச் சாய்ச்சுத் தொழட்டும். அது தொழுகைதான். அரைத் தொழுகை இல்ல, முழுத் தொழுகை. மத்தவங்களுக்குத் தொழவைக்க மட்டும் நிக்க வேண்டாம். விட்டதை எல்லாம் திருப்பித் தொழுது களாச் செய்யணும். அதுல தள்ளுபடி கிடையாது. பையப் பையச் செய்யட்டும்." எழுந்து மேல்துண்டைப் போட்டுக்கொண்டு திரையின் பக்கம் பாராமலே சொன்னார்: "வெக்கம் ஈமானுல, நம்ம நம்பிக்கையில உள்ளதுதான். ஆனா தொழுகையத் தின்னுத வெக்கம் அதுல சேராது. அந்தப் பொம்பளைகிட்டச் சொல்லுங்க."

அவர் போனபின் அகமது மீரான் நிம்மதியாய் மூச்சுவிட்டான். "தராவீஹுக்குக் காலு வலின்னு சொல்லிரு. ஒக்காந்து தொழுவுதேன்னு சொல்லு. யாரு கேக்கப்போறா? உள்ளதச் சொல்லணும்னு ஆலிம்சா சொல்லலையே."

சொல்லவில்லைதான். மஹ்மூதா அதை இரவும் பகலும் எண்ணிப் பார்த்தாள். கால்வலி என்றால் போதும். ஆனால் கால்வலியோடும் அவள் நோன்பும்மாவாகவே இருப்பாள், செம்புகள் வரும், குழந்தைகள் வரும். கால்வலியையும் தவத்தின் பயன் என்பார்கள். அவள் எதைச் செய்தாலும் அதைப் புனிதமாக்கிவிடும் கண்கள் அவை. களாச் செய்ய வேண்டிய தொழுகைகளை அந்தக் கண்களுக்கு நடுவே எப்படிச் செய்வாள்?

ரமலான் பிறை தெரிந்தது. இரவுத் தொழுகையான இஷா வேளைக்கு ஹமீது பீவி வீட்டுப் பட்டாலை பெண்களால் நிறைந்தது. முன்வரிசையின் நடுவில் அவளுக்கென்று புதுப்பாய் விரித்து, பக்கத்தில் சாம்பிராணி புகைத்திருந்தார்கள். மஹ்மூதா தன் பழைய பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிலைப்படியருகே நின்றாள்.

"வாங்க, நோன்பும்மா. நேரமாச்சு."

"மைனி, ஒரு சொல்லு."

சொன்னாள். வண்டியில் சொன்னதினும் சுருக்கமாய், ஆனால் எதையும் விடாமல். பட்டாலையில் விளக்குத் திரி பொரிவது கேட்டது.

"அப்ப வருசமெல்லாம் நோன்பு?" என்றாள் ஹமீது பீவி.

"இதுக்காகத்தான் மைனி. ரப்புக்காக இல்ல."

"அந்த வாசம்?"

"நாத்தத்த மறைக்க."

பின்வரிசையில் புதுப்பெண் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்தினாள். ஒருத்தி தன் பாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஓசை படாமல் இழுத்தாலும் மஹ்மூதாவின் கண் அதைக் கண்டது. சென்ற மாதம் மகளின் பேற்றுக்குச் செம்புநீர் வாங்கிப்போன கிழவி எழுந்து நின்றாள். "அப்ப நீ ஓதி ஊதிக் குடுத்த தண்ணி?"

"ஓதினது அவன் வசனம் பெரியம்மா. அதுல ஒரு கொறையும் இல்ல. கொறையெல்லாம் எங்கிட்டத்தான். என்னைப் பொறுத்துக்கிடுங்க." நிலம் பிளந்து தன்னை ஏற்றுக்கொள்ளாதா என்று நின்றாள், நிலம் பிளக்கவில்லை. நிற்கத்தான் வேண்டியிருந்தது.

பின்வரிசைச் சிரிப்பு மறுபடி கசிந்தது. ஹமீது பீவி விருட்டென்று திரும்பினாள். "எவளா அது சிரிக்கது? நாலு பெத்துட்டுச் சிரிளா, பாப்போம்! அப்பத் தெரியும் சிரிச்சா என்ன வரும்னு."

இந்தமுறை சிரித்தவர்கள் மூத்த பெண்கள். அந்தச் சிரிப்பில் சிலர் தங்களை அறியாமலே தொடைகளை நெருக்கிக்கொண்டார்கள். ஹமீது பீவியும் அவர்களுள் ஒருத்தி.

"சரி, யாரு தொழவைக்க?" என்றாள் அவள், யாரையும் பாராமல்.

"நீங்கதான் மைனி."

"எனக்கு நாலு வரிக் குல்ஹுவல்லாவத் தாண்டினா நாக்கு சுத்தும்."

"அதையே ஓதுங்க. அதுவும் அவன் வசனந்தானே."

ஹமீது பீவி முணுமுணுத்துக்கொண்டே நடுவில் போய் நின்றாள். மஹ்மூதா கிணற்றடிக்குப் போய்த் துணி மாற்றி ஒளுச் செய்து வந்தாள். கடைசி வரிசையின் ஓரத்தில், பாயை இழுத்துக்கொண்டவளுக்கு அப்பால், தன் பாயை விரித்தாள். தெருப்பெண்கள் எல்லாரும் எழுந்து நிற்க, அவள் ஒருத்தி மட்டும் அமர்ந்தாள்.

அல்லாஹு அக்பர் என்ற சொல் எழுந்தது. மூன்றாண்டாய் மூடிக்கிடந்த கைகள் காதளவு உயர்ந்து நெஞ்சின் மேல் படிந்தன. மற்றவர் குனிகையில் அவள் தலை சாய்த்தாள். மற்றவர் நெற்றி நிலம் தொடுகையில் இன்னும் சற்றுத் தாழச் சாய்த்தாள். வெட்கம் அகலவில்லை, அவளோடு அதுவும் பாயில் அமர்ந்திருந்தது. வளையம் தாங்கிற்றா, துளி கசிந்ததா என்று அவள் ஆராயவில்லை. அவள் உதடுகள் தம் ரப்பின் பெயரை மறவாமல் வைத்திருந்தன. ஒவ்வொரு சொல்லும் வந்து நாவில் இறங்கியது.

தொழுகை முடிந்து வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் சொன்னார்கள். பெண்கள் பாய்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். மஹ்மூதா இன்னும் அமர்ந்தே இருந்தாள். களாத் தொழுகை ஒன்றுக்கு மனத்துள் எண்ணி நிய்யத்துச் செய்துகொண்டிருந்தாள். ஹமீது பீவி அவள் பின்னால் வந்து, அவள் தொழுது முடியும்வரை காத்து நின்றாள். பிறகு குனிந்து அவள் தலைமேல் கைவைத்தாள்.

"அல்லாஹ் ஒன் தொழுகைய ஏத்துக்கிடட்டும். ஒன் ஒடம்பச் சொகமாக்கி ஷிஃபாவத் தரட்டும். நம்ம எல்லாரு கொறையையும் அவன் போர்வையால மூடி வைக்கட்டும். ஆமீன்."